சமவெளி வீட்டுக்குள் ஹைட்ரேஞ்சியா: நல்ல தண்ணி, படிகாரம், கோத்தகிரிக் குளிர்

ஊட்டிப் பக்கம் பந்து பந்தான கொத்துகளாகப் பூக்கிற ஹைட்ரேஞ்சியா கோயமுத்தூர் வெயிலுக்கு வராது என்று சொல்பவர்களும் சரி, குன்னூரில் வாங்கி வந்து டீவி பக்கத்தில் வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் சரி, கவனிக்காமல் விடுவது ஒரே விஷயத்தைத்தான். தண்ணீர். எவ்வளவு ஊற்றுகிறோம் என்பது பாதி, எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பது மீதி. வெளிச்சம், மண்கலவை, உரம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். எங்கள் வீடு இரண்டாம் மாடி, கிழக்கே ஒரு பெரிய ஜன்னல், குழாயில் சிறுவாணி ஆற்றுத் தண்ணீரும் வரும், போர் தண்ணியும் வரும். இந்த வசதிகளை வைத்துக்கொண்டு சில வருடங்களாக இந்தச் செடியோடு மல்லுக்கட்டுகிறேன். வீட்டுக்குள் எது நடக்கிறது, எது நடக்காது என்பது இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வாங்குவது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கே போனாலும் சாலையோர நர்சரிகளில் இது இருக்கும். பூ முழுக்க விரிந்து கண்ணைப் பறிக்கிற செடியைத்தான் எல்லோரும் தூக்குகிறார்கள். அது அதன் அழகில் பாதி நாளை ஏற்கனவே அங்கேயே கழித்துவிட்ட செடி. நான் பார்ப்பது, கொத்தின் ஓரம் நிறம் பிடித்து நடுப்பகுதி இன்னும் வெளிர்பச்சையாக இருக்கிறதா என்று. அதற்காக முழுக்கப் பச்சையாக இருப்பதையும் எடுக்கக் கூடாது. குன்னூரில் ஒரு நர்சரிப் பெரியவர், "எல்லாமே பச்சையா இருக்கறத எடுக்காதம்மா, கீழ போனா நெறம் புடிக்காமலே காஞ்சிரும்" என்றார். அவர் சொன்னது சரிதான், நிறம் பிடிக்கத் தொடங்கிய கொத்துதான் இடம் மாறினாலும் மிச்சத்தையும் விரிக்கும். அப்புறம் செடி இருக்கிற கவரை லேசாகக் கையில் அமுக்கிப் பார்ப்பேன், அடியில் வேர் வெளியே வந்து சுற்றிக்கொண்டிருந்தால் வேறு செடி பார்ப்பேன். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பதும் உண்டு, நரம்போரம் வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் அது வீட்டில் உள்ள மற்ற செடிகளுக்கும் விருந்தாளியாக வந்துவிடும்.

கொத்தில் ஒரு பூவை மட்டும் பிரித்து அருகில் வைத்துப் பாருங்கள். நாம் இதழ் என்று நினைக்கிற நாலு அகலமான துண்டுகளும் இதழே கிடையாது, புல்லிதழ்கள். நிஜமான பூ அதற்கு நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு உருண்டையாக உட்கார்ந்திருக்கும், நன்றாக முதிர்ந்த கொத்தில் அது பிளந்து குட்டிக் கேசரங்கள் எட்டிப் பார்ப்பதும் தெரியும். புல்லிதழ் என்பது கிட்டத்தட்ட இலை இனம், அதனால்தான் ரோஜாவும் செம்பருத்தியும் உதிர்ந்து போகிற காலத்தில் இது வாரக்கணக்கில் நிற்கிறது. வயதானதும் உதிராமல் பச்சைக்கும் பழுப்புக்கும் மாறுவதும் அதனால்தான்.

நாம் தொட்டியில் வளர்ப்பது ஹைட்ரேஞ்சியா மேக்ரோஃபில்லா. சொந்த ஊர் ஜப்பான், அதிலும் கடலோரப் பகுதி. அங்கே ஜூன் மாத மழைக்காலத்தில்தான் இது பூக்கிறது, காமகூராவில் உள்ள மெய்கெட்சு-இன் கோயிலுக்கு இந்தப் பூவை வைத்தே ஹைட்ரேஞ்சியாக் கோயில் என்று இன்னொரு பேர், அந்த மாதத்தில் கூட்டம் அலைமோதும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், குளிர்ப் பிரதேசச் செடி என்றதும் பலரும் பனியையும் கொட்டும் குளிரையும் நினைத்துக்கொண்டு ஏசி அறையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். இதற்கு வேண்டியது மேகம் மூடிய வானம், ஈரக்காற்று, வேருக்குத் தடையில்லாத தண்ணீர், மிதமான குளிர்ச்சி. ஏசி கொடுப்பது வறண்ட குளிர்ச்சி. ஏசியின் காற்று நேராகப் படுகிற இடத்தில் வைத்தால் இலை ஓரம் பழுப்பேறி மொறுமொறுவென்று ஆகிவிடும்.

எங்கள் வீட்டில் இடம் கிழக்கு ஜன்னல்தான். காலை வெயில் ஒன்பது மணி வரை இலைமேல் படும், அதற்குமேல் வெளிச்சம் மட்டும். மேற்கு ஜன்னலில் மார்ச்சுக்கு அப்புறம் வைப்பது வீண், மதியம் மூன்று மணி வெயில் கண்ணாடி வழியாக வந்து இலையை வேகவைத்துவிடும். அதேநேரம் வரவேற்பறையின் உள்மூலை, அலமாரி மேல், டைனிங் டேபிள் நடு என்றெல்லாம் வைத்தால் பூ இருக்கும்வரை பார்க்க அழகாக இருக்கும், செடி மட்டும் நாளுக்கு நாள் மெலிந்து இலைக்காம்பு நீண்டு ஒரு பக்கமாகச் சாயும். விருந்தாளி வரும் நாளில் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் போனதும் ஜன்னலுக்கே திருப்பிவிடுங்கள். கதிரவன் பக்கமே வளைவதால் வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்புவேன்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். இந்தச் செடியை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவருகிற எல்லோரையும் மிரட்டுவது மதியம் இலை தொங்குவது. காலையில் விறைப்பாக இருந்த செடி, இரண்டு மணிக்குப் பார்த்தால் இலையெல்லாம் காம்போடு கீழே மடங்கி, பூக்கொத்து ஒரு பக்கம் தலை சாய்த்துக் கிடக்கும். உடனே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள், முதலில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தும் இலை தொங்கினால், இலை ஆவியாக விடுகிற வேகத்துக்கு வேரால் தண்ணீரை ஏற்ற முடியவில்லை என்று அர்த்தம். இலை அவ்வளவு அகலம், அவ்வளவு மெல்லிசு. வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். ஈர மண்ணில் மேலும் மேலும் ஊற்றினால் வேருக்குக் காற்று இல்லாமல் அழுகும், அழுகிய வேர் தண்ணீரை ஏற்றாது, அப்போதும் இலை தொங்கத்தான் செய்யும், அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவார்கள். இந்தச் சுழலில்தான் பெரும்பாலான செடிகள் போகின்றன.

விரல் விட்டால் மண் காய்ந்திருக்கிறதா, அது வேறு கதை. மேலாக ஊற்றினால் காய்ந்து சுருங்கிய வேர்க்கட்டிக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகத் தண்ணீர் அடியில் ஓடிவிடும், தட்டில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு நாம் போதும் என்று நினைப்போம், கட்டியின் உள்ளே ஒரு துளி போயிருக்காது. பக்கெட்டில் தண்ணீர் பிடித்து தொட்டியை அதன் விளிம்புவரை இறக்கிவிடுங்கள். மண்ணிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வரும், முதலில் சடசடவென்று, போகப்போக ஒன்றிரண்டாக. குமிழி நின்றதும் எடுத்து, சாய்த்து வடியவிட்டு, இடத்தில் வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காம்பிலிருந்து தொடங்கி இலைநுனி வரை விறைப்பு ஏறும். பூக்கொத்து கடைசியாகத்தான் நிமிரும். வெட்டிய பூவாக இருந்தால் இன்னொரு வழி உண்டு, கொத்தையே தலைகீழாகத் தண்ணீரில் முக்கி அரைமணி நேரம் விட்டுவிடலாம், புல்லிதழ்கள் நேரடியாகவே தண்ணீரை உறிஞ்சும். தொட்டிச் செடியில் இதைச் செய்யாதீர்கள், நெருக்கமான கொத்தில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்துப் பழுப்புப் புள்ளி விழும்.

இப்போதெல்லாம் விரல் வைப்பதுகூடக் குறைவு, தொட்டியை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தாலே கனம் சொல்லிவிடும். பூ இருக்கும் ஏப்ரலில் தினமும் வேண்டியிருக்கும், தென்மேற்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற ஜூன், ஜூலையில் வெயில் குறைவாக இருந்தாலும் காற்று இழுத்துக்கொண்டு போய்விடும், அடைமழை நாட்களில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை போதும். கிழமை வைத்து ஊற்றுகிற பழக்கம் இந்தச் செடிக்கு ஒத்துவராது. அழகுக்காகத் தொட்டியை இன்னொரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைக்கிறவர்கள் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் எங்கள் ஊரில் பெரிய கேள்வி. சிறுவாணியைப் பற்றிக் கோவைக்காரர்களிடம் பேச்சைத் தொடங்கினால் உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்பதில் வந்து நிற்பார்கள். அந்தப் பட்டியலை யார் போட்டார்கள் என்று நான் கேட்பதில்லை, ஆனால் ஹைட்ரேஞ்சியாவுக்கு அதைவிட நல்ல குழாய்த் தண்ணீர் கிடைக்காது, அவ்வளவு மென்மை. எங்கள் குழாயில், கரைந்திருக்கிற உப்புகளை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை வைத்தால் சிறுவாணி இரட்டை இலக்கத்தில் நிற்கும், போர் தண்ணி ஆயிரத்தைத் தாண்டும். நாங்கள் உப்புத் தண்ணி என்று சொன்னாலும் இந்தச் செடிக்கு உப்பைவிடப் பெரிய தொல்லை அதில் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்தும் பைகார்பனேட்டும்தான். ஊற்ற ஊற்ற மண்ணின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டுகிற அளவு, காரப் பக்கம் ஏறிக்கொண்டே போகும். பி.எச். ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது, நுனியில் வருகிற இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக வலைப்பின்னலாகத் தெரியும். பழைய அடி இலைகள் பச்சையாகவே இருக்கும். தழைச்சத்துக் குறைவு என்றால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும், இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் யூரியாவைப் போடுகிறவர்கள் நிறைய.

சிறுவாணியும் பில்லூர் அணைத் தண்ணீரும் தினமும் வருவதில்லை, வருகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் வீட்டில் கேள்வி கேட்பார்கள். அதனால் மழைத் தண்ணீரை மொட்டைமாடியில் டிரம்மில் பிடிக்கிறேன், கோடையில் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை ஒரு கேனில் சேர்க்கிறேன். இரண்டிலும் சுண்ணாம்பு கிடையாது. எதுவுமே இல்லாத வாரத்தில் போர் தண்ணியை எலுமிச்சை உப்பு, அதாவது மளிகைக்கடையில் கிடைக்கிற சிட்ரிக் அமிலம் போட்டு அதன் பி.எச்.-ஐ இறக்குகிறேன். எங்கள் போருக்கு 10 லிட்டருக்கு 3 கிராம் அளவு போட்டுக் கலக்கினால் பி.எச். தாள் 6 பக்கம் வருகிறது. உங்கள் தண்ணீருக்கு அளவு மாறும், தாளில் நனைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை மட்டும் இந்தச் செடிக்குக் காட்டவே கூடாது, அது உப்பைக் கூட்டி வைத்த தண்ணீர். மஞ்சளாகிவிட்ட செடிக்கு இரும்புச் செலேட், அதாவது வேர் எடுத்துக்கொள்ள முடிகிற வடிவத்தில் உள்ள இரும்பு, கொடுத்தால் புதிதாக வருகிற இலை பச்சையாக வரும். காரம் ஏறிய மண்ணுக்கு இடிடிஏ (EDTA) வகை வேலைக்கு ஆகாது, இடிடிஹெச்ஏ (EDDHA) என்று போட்டிருக்கும் சிவப்புப் பொடியைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவும் தற்காலிகம்தான், தண்ணீரை மாற்றாமல் அதையே கொடுத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

மண்கலவையில் அதிகம் சொல்ல இல்லை. தேங்காய் நார்த் தூள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலை ஒரு பங்கு, பெர்லைட் என்கிற லேசான வெள்ளைத் துகள் அல்லது கழுவிய பெருமணல் அரைப் பங்கு. பொள்ளாச்சி பக்கத்தில் இருப்பதால் நார்க்கழிவுக் கட்டிக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் கட்டியை ஊறவைத்து வடிகிற தண்ணீர் காப்பி நிறம் போய்த் தெளியும்வரை அலச வேண்டும், இல்லையென்றால் அதிலுள்ள உப்பு இலை ஓரத்தைக் கருக்கிவிடும். முட்டை ஓடு, எலும்புத் தூள், கட்டட வேலை நடந்த இடத்து மண், இவை மூன்றும் சுண்ணாம்பைக் கொண்டுவரும், நீலப் பூ வேண்டுமென்றால் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. பூ முடிந்த பிறகுதான் தொட்டி மாற்றுவேன், 8 அங்குலத்திலிருந்து 10 அங்குலம், அதற்குமேல் ஒரே தாவலாகப் போவதில்லை.

இனி நிறம். வாங்கும்போது ஆழமான நீலமாக இருந்த செடி அடுத்த பூவில் ரோஸாகவோ அழுக்கு ஊதாவாகவோ வந்ததும் நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு கிளம்பும். பாவம் அவர், அவர் ஒன்றும் செய்யவில்லை. நீலத்துக்கும் ரோஸுக்கும் நிறமி ஒன்றுதான், டெல்ஃபினிடின் என்கிற ஆந்தோசயனின். அதோடு அலுமினியம் போய்ச் சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் ரோஸ். மண்ணில் அலுமினியம் இருந்தாலும் பி.எச். 5.5-க்குக் கீழே இருந்தால்தான் அது கரைந்து வேருக்கு வரும். நீலகிரி மண் செம்மண், அமிலத்தன்மை, அலுமினியம் தாராளம், தேயிலை அங்கே கொழிப்பதும் அந்த மண்ணில்தான், தேயிலைச் செடியும் முதிர்ந்த இலையில் அலுமினியத்தைச் சேர்த்து வைக்கிற இனம். அதனால் மலையில் வேலியோரம் யாரும் கவனிக்காமல் நிற்கிற ஹைட்ரேஞ்சியாகூட நீலமாகப் பூக்கிறது. நம் நார்த்தூள் கலவையில் அலுமினியம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கலவையை எவ்வளவுதான் அமிலமாக வைத்தாலும் இல்லாத பொருள் எப்படி வரும்? துருப்பிடித்த ஆணியைப் புதைக்கிற வைத்தியம் பலிக்காததற்கும் அதுதான் காரணம், ஆணியில் இருப்பது இரும்பு. காப்பித் தூள் சக்கையும் அப்படித்தான், டிகாக்‌ஷன் இறக்கிய பிறகு அதில் அமிலம் பெரிதாக மிஞ்சுவதில்லை.

அலுமினியத்துக்கு எங்கேயும் அலைய வேண்டாம், நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் கேட்டால் கிடைக்கும். பொட்டாசியம் படிகாரமோ அம்மோனியம் படிகாரமோ, இரண்டிலும் அலுமினியம் உண்டு. பொரித்த படிகாரம் வேண்டாம், அது கரைய நேரம் எடுக்கும். கட்டியை அம்மியிலோ உரலிலோ பொடித்து, லிட்டருக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் தலைதட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஆறவிட்டு ஊற்றுகிறேன். கரைக்கிற தண்ணீர் மழைத் தண்ணீரோ சிறுவாணியோதான். போர் தண்ணியில் கரைத்தால் கண்ணாடி டம்ளரில் பார்க்கலாம், கொஞ்ச நேரத்தில் மங்கலாகி வெள்ளைத் திரி திரியாக அடியில் படியும். கலங்கிய கிணற்றுத் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றித் தெளியவைப்பார்களே, அங்கே அழுக்கைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவதும் இதே அலுமினியம்தான். அப்படி இறங்கிவிட்ட அளவு செடிக்குப் போய்ச் சேராது.

ஊற்றுவதற்கு முந்தைய நாள் செடிக்குச் சாதாரணத் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும், காய்ந்த மண்ணில் படிகாரத் தண்ணீர் போனால் வேரைக் கருக்கும். இலைமேல் தெளிக்கக் கூடாது. 15 நாளுக்கு ஒருமுறை, தொட்டிக்கு ஒரு டம்ளர். தொடங்குகிற நேரம்தான் முக்கியம், நுனியில் மொட்டு பட்டாணி அளவு தெரியும் முன்பே தொடங்கிவிட வேண்டும். விரிந்து நிறம் பிடித்துவிட்ட பூவில் என்ன ஊற்றினாலும் மாற்றம் வராது. நடுவில் தொடங்கினால் ஒரே கொத்தில் பழைய பூ ரோஸ், புதுப் பூ ஊதா, ஓரத்தில் மட்டும் நீலக் கீற்று என்று கலவையாக வரும். எனக்கு அந்தக் கலவைதான் பிடித்திருக்கிறது, வருடா வருடம் முழு நீலத்துக்கு முயல்வதில்லை. வெள்ளை ரகத்தில் இந்த நிறமியே இல்லாததால் என்ன செய்தாலும் வெள்ளைதான், முதிரும்போது ஓரம் லேசாகச் சிவக்கலாம்.

உரக்கடையில் முதலில் எடுத்து நீட்டுகிற ஆல் 19-ம் (19-19-19 கலப்பு உரம்), டிஏபியும் (டைஅம்மோனியம் பாஸ்பேட்) நீலத்துக்கு எதிரி. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதம் இரண்டு முறை அம்மோனியம் சல்பேட் லிட்டருக்கு ஒரு கிராம், மொட்டு வந்த பிறகு 13-0-45, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், அதே அளவு, அவ்வளவுதான். பூ நிறம் பிடித்ததும் உரத்தை நிறுத்திவிடுவேன். ரோஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு எல்லாம் தலைகீழ், ஆல் 19 போடலாம், பி.எச். 6 முதல் 6.5 வரை இருக்கலாம், படிகாரம் தேவையில்லை. போர் தண்ணி மட்டுமே உள்ள வீட்டுக்காரர்கள் பேசாமல் ரோஸுக்குப் போய்விடுவது நல்லது. அதற்காக பி.எச். இறக்காத போர் தண்ணியையே ஊற்றலாம் என்று இல்லை, இலை மஞ்சளாகும் தொல்லை ரோஸுக்கும் உண்டு.

பூச்சி விஷயத்தில், மார்ச் முதல் மே வரை செஞ்சிலந்திதான் வரும். இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்திய அளவுக்கு வெளிறிய புள்ளிகள், அடிப்பக்கம் பார்த்தால் பொடி நகர்வது தெரியும். குளியலறையில் கொண்டுபோய் ஹேண்ட் ஷவரால் இலையின் அடிப்பக்கத்தை மட்டும் நன்றாக அடித்துக் கழுவுவதுதான் முதல் வைத்தியம், பூக்கொத்தின் மேல் பாலிதீன் பையைக் கட்டிக்கொள்ளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலத்தில். மழைக்காலத்தில் இலைமேல் விபூதி தூவியதுபோல் சாம்பல் நோய் வந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம், பாதித்த இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு இடத்தை மாற்றுங்கள். ஈரப்பதத்துக்காகத் தினமும் ஸ்ப்ரே அடிப்பதை நான் நிறுத்திவிட்டேன், அடித்த ஈரம் பத்து நிமிடம்கூட நிற்பதில்லை. இன்னொன்று, வீட்டில் பூனையோ நாயோ தவழும் குழந்தையோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், இலையிலும் மொட்டிலும் சயனைடு விடுவிக்கிற பொருள் உண்டு, தின்றால் வாந்தி பேதி ஆகும். கேக்கில் அலங்காரத்துக்குக் குத்துகிறார்கள், அதுவும் வேண்டாம்.

பூ பச்சைக்குத் திரும்பியதும் வெட்டிவிட வேண்டும். கொத்துக்குக் கீழே நல்ல திரட்சியான மொட்டுகள் இரண்டு ஜோடி எங்கே இருக்கின்றன என்று பார்த்து அதற்கு மேலே வெட்டு. கவாத்தை இதோடு முடித்துக்கொள்ள வேண்டும், ஆடிக்கு மேல் கத்தரியைத் தொடவே கூடாது. இந்த இனம் இந்த வருடம் வளர்ந்த தண்டின் நுனியில் மொட்டை உள்ளே உருவாக்கி வைத்துக்கொண்டு அடுத்த பருவத்தில் பூக்கிறது. தை மாதத்தில் செடி குச்சி குச்சியாக அசிங்கமாக இருக்கிறதே என்று மட்டமாக வெட்டினால் அந்த வருடத்துப் பூ அத்தனையும் குப்பையில். பூக்காத தண்டுகளை விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, கணுவுக்கு அடியில் வெட்டி, பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கி ஈர நார்த்தூளில் செருகி மேலே பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைத்தால் மூன்று நாலு வாரத்தில் வேர் பிடித்துவிடும். இந்தச் செடியில் இவ்வளவு எளிதாக நடக்கிற ஒரே வேலை இதுதான்.

இதுவரை எழுதியதெல்லாம் வீட்டுக்குள் சமாளிக்க முடிந்தவை. சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு, குளிர். தண்டின் நுனியில் பூமொட்டு உருவாக வேண்டுமென்றால் இரவு வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே ஆறு முதல் எட்டு வாரம் தொடர்ந்து இருக்க வேண்டும். அப்புறம் அந்த மொட்டு விழித்துக்கொள்ள இன்னும் கடுமையான குளிர், பூ வியாபாரிகள் 5 டிகிரி அளவில் ஆறு வாரம் குளிர் அறையில் இருட்டில் வைத்து எடுக்கிறார்கள். கோவையில் மார்கழியில்கூட அப்படித் தொடர்ச்சியாகக் குளிர்வதில்லை. அதனால் என்ன பார்த்துக்கொண்டாலும் செடி இலையும் தழையுமாகச் செழிப்பாக நிற்கும், பூ மட்டும் எடுக்காது. பலர் உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் போடுகிறார்கள். ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. மொட்டு ஏற்கனவே உருவாகியிருந்தால்தான் ஃப்ரிட்ஜ் உதவும், உருவாகாத மொட்டை அது உருவாக்காது. தவிர உள்ளே ஆப்பிளும் வாழைப்பழமும் இருந்தால் அவை விடுகிற எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும். இதே வாயுவை வைத்துத்தான், குளிர் அறையில் ஆப்பிளைப் போட்டு, இலையை உதிர வைக்கிற பழக்கமும் வெளிநாட்டு வளர்ப்பாளர்களிடம் உண்டு. புதுத் தண்டிலும் பூக்கிற ரகங்கள் இருக்கின்றன, 2004-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த எண்ட்லெஸ் சம்மர் அதில் பேர் பெற்றது, ஆனால் இங்கே விற்கும்போது ஒட்டியிருக்கிற பெயர்ச்சீட்டை நம்பி அதிக விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது கோத்தகிரியில் இருக்கிற அத்தை வீடு. ஐப்பசி பிறந்ததும் தொட்டியை மேலே கொண்டுபோய் விட்டுவிடுவோம், பிள்ளையை விடுதியில் சேர்ப்பது மாதிரிதான், மாசிவாக்கில் போய்க் கூட்டிவருவது. அங்கே வீட்டுக்குப் பின்னால் கூரைச் சரிவுக்குக் கீழே, நேரடிப் பனி விழாத இடத்தில் நிற்கும். கார்த்திகை, மார்கழிக் குளிர் முழுக்க அதற்குக் கிடைத்துவிடும், இலை பாதி கொட்டும், அது கொட்டட்டும். அத்தையின் வேலை வாரம் ஒரு சொம்புத் தண்ணீர், உரம் கிடையாது, வெட்டு கிடையாது. வருடா வருடம் அவர் சொல்வது, "இங்கயே விட்டுட்டுப் போ கண்ணு, கீழ கொண்டுபோய் ஏன் அதைப் போட்டு வாட்டறே?" நியாயமான கேள்விதான். மலையில் ஒரு கொத்து நிற்கிற காலத்தில் பாதிதான் எங்கள் ஜன்னலில் நிற்கிறது. உறவுக்காரர் மலையில் இல்லாதவர்கள் வருடத்துக்கு ஒரு செடி வாங்கி, பூ முடிந்ததும் மலையில் நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம், பூங்கொத்து வாங்குகிற காசுக்கு அதைவிடப் பல மடங்கு நாள் பார்த்திருப்போம்.

கீழே கொண்டுவருகிற நேரத்தை நாள்காட்டி பார்த்து முடிவு செய்வதில்லை. நுனியில் இரண்டு இலைகள் பிரிந்து நடுவில் பச்சையாக, பொடிப்பொடியாக, ஒரு சிறு காலிஃபிளவர்த் துண்டு அளவுக்கு மொட்டுக்கூட்டம் கண்ணுக்குத் தெரிந்ததும் அத்தை போன் செய்வார். முந்தைய நாள் இரவே தண்ணீர் கொடுத்து, காலையில் வடிந்த பிறகு, தொட்டியின் வாயை ஈரச் சாக்கால் மூடிக் கட்டி, தண்டுகளைப் பழைய பருத்தி வேட்டியால் தளர்வாகச் சுற்றி, பின்சீட்டுக்குக் கீழே கால் வைக்கிற இடத்தில் இறுக்கமாக உட்காரவைக்க வேண்டும். டிக்கியில் வேண்டாம், மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் வெந்துவிடும். ஏசியை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள், ஜன்னலைத் திறந்து காற்றையும் அடிக்கவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வாரம் கிழக்கு ஜன்னலில் வைக்காமல் இரண்டடி உள்ளே தள்ளி வைத்து, இரவில் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஜன்னலோரம். முதல் படிகாரத் தண்ணீரை அத்தையே கோத்தகிரியில் ஊற்றி அனுப்பிவிடுவதால் அடுத்தது இரண்டு வாரம் கழித்து.